பைன் காட்டில் மரங்களைக் கலைத்துவிட்டால், அதாவது இடையிடையே சில மரங்களை வெட்டி இடைவெளி விட்டால், கீழே கிடக்கும் சருகு சீக்கிரம் மக்குமா?

ஆமாம் என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. கொடைக்கானல் பக்கம் பைன் தோப்பை ஒட்டி உங்களுக்கு நிலம் இருக்கிறது, கோடையில் தீ பரவுமோ என்று பயந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

வனவியல் முதுகலையில் என் புராஜெக்டே இதுதான். கொடைக்கானல் பக்கம் நான் வேலை பார்த்தது பாட்டுலா பைன் தோப்பில்; மெக்சிகோவிலிருந்து வந்த மரம் அது. ஊசியிலைகள் மூன்று மூன்றாகச் சேர்ந்து ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கும். நைலான் வலைப் பைகளில் காய்ந்த ஊசியிலை 10 கிராம் போட்டுத் தைத்து, மரம் கலைத்த இடத்தில் பாதியும் கலைக்காத இடத்தில் பாதியும் தரையில் வைத்தேன். மாதாமாதம் சில பைகளை எடுத்து, உலர்த்தி எடை போட வேண்டும். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு மக்கியிருக்கிறது என்று கணக்கு.

கலைத்த இடத்தில் வெயில் விழுகிறது, சூடு ஏறுகிறது, அங்கேதான் வேகமாக மக்கும் என்று நம்பியிருந்தேன். கூட வந்த வாட்சர் அண்ணன் முதல் நாளே, "தம்பி, வெயில் பட்டா காயும், மக்காது. ஈரம் வேணும்" என்றார். ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்த பைகளில் அவர் சொன்னதுதான் நடந்திருந்தது. கலைத்த இடத்து இலை மொடமொடவென்று, போட்ட நிறத்திலேயே கிடந்தது. கலைக்காத இடத்தில் சருகு மெத்தையைக் கையால் தூக்கினால் மேலே பழுப்பு. அடியில் கறுத்து நொறுங்கிய இலை, ஊடே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை இழை, காளான் வாசம். மழை பிடித்த பிறகுதான் கலைத்த இடம் வேகமெடுத்தது.

பைன் ஊசியில் மெழுகும் பிசினும் லிக்னினும் (மரத்தைக் கெட்டியாக்கும், எளிதில் மக்காத பொருள்) அதிகம், தழைச்சத்து குறைவு. அதை மக்க வைப்பது பெரும்பாலும் பூஞ்சைதான், அதற்கு ஈரம் வேண்டும். கலைத்தால் சருகு குறைவதற்கு முக்கியக் காரணம் மேலிருந்து விழுவது குறைவதுதான். அதுவும் மிச்சமிருக்கும் மரங்கள் கிளை பரப்பி மறுபடி மூடும் வரை, சில வருஷங்களுக்குத்தான். வெட்டிய கிளைகளை அங்கேயே விட்டால் பல மாதத்துச் சருகு ஒரே நாளில் விழுந்த மாதிரி. பச்சை ஊசியில் தழைச்சத்து அதிகம் என்பதால் உதிர்ந்ததைவிடச் சீக்கிரம் மக்கும், மழை கிடைத்தால். கோடைக்கு முன் வெட்டிப் போட்டால் தீக்குத்தான் தீனி.

பைனே வேண்டாம், இந்த மலைகளில் முன்பிருந்த சோலையும் புல்வெளியும் திரும்ப வேண்டும் என்று கமெண்டில் வரப்போகும் நண்பர்களுக்கு: நானும் அந்தப் பக்கம்தான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். என் பைகளை வைத்து எல்லா பைன் காட்டுக்கும் தீர்ப்பு எழுதவும் இல்லை. வருஷம் முழுக்க ஈரம் நிற்கிற இடத்தில் கலைத்தபின் வேகமாகவே மக்கலாம்.

ஒன்று மட்டும் இன்னும் ஆறவில்லை. ஆய்வேட்டின் நன்றியுரையில் அந்த வாட்சர் அண்ணன் பெயரை எழுதியிருந்தேன். "தினக்கூலி ஆள் பெயரெல்லாம் எதற்கு?" என்று வழிகாட்டி அடித்துவிட்டார். நானும் வாயைத் திறக்காமல் பைண்டிங் போட்டுக் கொடுத்துவிட்டேன். எந்தப் பை எந்த மரத்தடியில் இருக்கிறது என்று ஒரு வருஷம் நினைவில் வைத்திருந்தவர் அவர்தான்.