பம்ப் அடிச்சா பல் சொத்தையாகுமா?

குலசேகரத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: பையனுக்கு 6 வயசு, ஒன்றரை வருஷமா வீசிங்குக்கு காலையும் ராத்திரியும் புடசோனைடு பம்ப் (மூச்சுல இழுக்கிற ஸ்டீராய்டு மருந்து, இன்ஹேலர்) அடிக்கோம், இப்ப கடவாப்பல் ரெண்டுல கறுப்பா குழி விழுந்திருக்கு, நாக்குல வேற வெள்ளையா படியுது, எல்லாம் பம்ப்பாலதான்னு மாமியார் நிறுத்தச் சொல்றாங்க, நிறுத்திரலாமா டாக்டர்?

வேண்டாம்மா, நிறுத்தாதீங்க. ரெண்டு மழையும் கொட்டுற ஊரு நம்மளது, சுவரெல்லாம் ஓதம் பிடிச்சு பூசண வாசம் அடிக்கிற சமயத்துல டெய்லி பம்ப்ப நிறுத்தினா ஒரு நாள் நடுராத்திரி பிள்ளைய தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பல்லுல ஓட்டைன்னா அடைச்சுக்கலாம்.

ஆனா மாமியார் சொல்றதுலயும் கொஞ்சம் விஷயம் இருக்கு. வீசிங் உள்ள பிள்ளைங்க மூக்கடைச்சு வாயாலதான் மூச்சு விடும், அதுல வாய் காஞ்சிரும், அவசரத்துக்கு அடிக்கிற சால்பியூட்டமாலும் எச்சிலக் குறைக்கலாம், எச்சில்தான் பல்லுக்குக் காவல், அது குறைஞ்சா இனிப்புல இருந்து வர்ற ஆசிட் ரொம்ப நேரம் பல்லுலயே நிக்கும். நாக்குல வெள்ளையா இருக்கிறது பெரும்பாலும் பூஞ்சை, ஸ்டீராய்டு மருந்து வாய்லயே தங்கினா வரும். பிள்ளைங்க டாக்டர்கிட்ட காட்டுங்க, மருந்து இருக்கு.

நான் கேக்குறது வேற. பம்ப் அடிச்சதும் வாய் கசக்குதுன்னு பிள்ள சிணுங்கினா கையில என்ன குடுக்கீங்க? என்கிட்ட வர்ற பாதி வீட்ல ஒரு துண்டு கருப்பட்டி, இல்லன்னா சீனி போட்ட பால், பாட்டி பாசத்துல குடுக்கிறதுதான், நான் குறை சொல்லல, ஆனா கருப்பட்டி உடம்புக்கு நல்லதுன்னாலும் பல்லுக்கு அதுவும் சீனிதான். அது போக இருமல் சிரப், அதுவும் தேன் மாதிரி இனிக்கும், குடிச்சிட்டு அப்படியே தூங்கிரும், தூங்கும்போது எச்சில் ரொம்பக் குறைவு, விடியுற வரைக்கும் பல்லு அந்தப் பாகுல ஊறிக் கிடக்கும். உங்க வீட்டு சொத்தைக்கு பம்ப்பவிட இதுமேலதான் எனக்கு சந்தேகம்.

பம்ப்ப பிரஷ் வைக்கிற டப்பாவுலயே போட்டு வைங்க. முதல்ல பம்ப், ஸ்பேசர் (பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவுல மாட்டுற குழாய்) வச்சு அடிச்சா மருந்து தொண்டையில ஒட்டுறது குறையும், அடிச்சதும் தண்ணிய வாய்ல ஊத்தி நல்லா கொப்பளிச்சு துப்பணும், முழுங்கக்கூடாது, அப்புறம் ஃபுளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு எடுத்து நீங்களே தேச்சு விடுங்க, 6 வயசுப் பிள்ளைக்கு தனியா ஒழுங்கா தேய்க்க வராது. ராத்திரி அதுக்குப் பிறகு பச்சத்தண்ணி மட்டும். சிரப் குடுக்கணும்னா பல் தேய்க்கிறதுக்கு முன்னாடியே குடுத்திருங்க, சீனி இல்லாத சிரப் உண்டான்னு டாக்டர்கிட்டயே கேளுங்க.

பால் பல்லுதானே விழுந்திரும்னு விட்டுராதீங்க, பால் கடவாப்பல் 10, 12 வயசு வரைக்கும் நிக்கணும். அதுமட்டுமில்ல, 6 வயசுல கடைசிப் பல்லுக்குப் பின்னாடி ஒண்ணும் விழாமலே புதுசா ஒரு கடவா முளைக்கும், அது நிரந்தரப் பல்லு, அந்தக் கறுப்புக் குழி அதுலயா பால் பல்லுலயான்னு பல் டாக்டர் பாத்தாத்தான் தெரியும், அதனால இந்த வாரமே போங்க. நெஞ்சு நல்லா இருக்கிற நாளா பாத்து போங்க, அவசர பம்ப்ப மறக்காம பையில போட்டுக்கங்க, ஆஸ்துமா இருக்குன்னு முதல்லயே சொல்லிருங்க, ஏன்னா சில வலி மாத்திரை சில பேருக்கு இழுப்ப கிளப்பிவிடும்.