நாய்களின் தொற்றுப் புற்றுக் கட்டியில் மைட்டோகாண்ட்ரியா வரிசை மட்டும் வம்சமரத்தின் வேறு கிளையில் விழுந்தால் புதுப் புற்றா?

புதுப் புற்று இல்லை. மாட்டுத்தாவணி தெருநாயின் கட்டியில் மிக் (MYC) மரபணுவுக்குப் பக்கத்தில் லைன்-1 (தன்னை நகலெடுத்து வேறிடத்தில் நுழைந்துகொள்ளும் டி.என்.ஏ. துண்டு) செருகல் கிடைத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது இருந்தால் பழைய தொற்றுப் புற்றுதான்: பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே நாயின் செல்கள், இணைசேரும்போது நாய்க்கு நாய் தாவி இன்றும் வாழ்பவை.

மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும், தனி டி.என்.ஏ. கொண்ட நுண்ணுறுப்பு, வேறாக இருக்கலாம். இந்தச் செல்கள் எப்போதாவது, தாம் தங்கிய நாயின் மைட்டோகாண்ட்ரியாவை எடுத்துக்கொள்கின்றன. 39 நாடுகளின் 449 கட்டிகளைப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வு, குறைந்தது 5 முறை இப்படி நடந்ததாகக் காட்டியது. இந்தப் புற்றில் எனக்குத் தீராத வியப்பு இதுதான்.

ஆனால் உங்கள் மாதிரியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கலப்பு. தொட்டாலே ரத்தம் கசியும் கட்டி அது. வெட்டிய துண்டில் அந்த நாயின் சொந்தச் செல்களும் நிறைய வந்திருக்கும்.

1. அதே நாயின் ரத்தத்திலிருந்தும் மைட்டோகாண்ட்ரியா வரிசை எடுங்கள்.
2. கட்டியின் டி.என்.ஏ. வரிசை வரைபடத்தில் ஒரே இடத்தில் உயரமாய் ஒன்றும் குட்டையாய் ஒன்றுமாக இரண்டு சிகரங்கள் தெரிகின்றனவா பாருங்கள். தெரிந்தால் பெரும்பாலும் கலப்புதான்.

ரத்தமும் கட்டியும் ஒரே வரிசையைக் காட்டினால், உடனே "புதிய மைட்டோகாண்ட்ரியா இடமாற்றம்" என்று எழுதிவிடாதீர்கள். ஒரே ஒரு நாயை வைத்து அதைக் கலப்பிலிருந்து பிரிக்க முடியாது. அதே வரிசை, தன் ரத்தத்தில் அது இல்லாத வேறொரு நாயின் கட்டியிலும் கிடைத்தால் பேச்சு வேறு. அப்புறம், நாய்க்கு மருத்துவர் தொடங்கிய வின்கிரிஸ்டின் என்ற புற்றுமருந்து ஊசியை இந்த முடிவுக்காக நிறுத்தி வைக்க வேண்டாம்.