அம்புத் தவளைப் பெட்டியில் அருவி: எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

கேள்வி: 45 செ.மீ. நீள அகல உயரமுள்ள கண்ணாடிப் பெட்டியும், ரெசினில் செய்த ரெடிமேட் அருவியும் சேர்த்து ஒரே செட்டாகக் கடையில் தருகிறார்கள். நீல நிற டிங்க்டோரியஸ் அம்புத் தவளை ஒரு ஜோடி வளர்க்க ஆசை. இந்த செட்டை வாங்கலாமா? (ஹூஸ்டன் வாசகர்)

பதில்: பெட்டியை வாங்கலாம். அருவியை வாங்க வேண்டாம்.

நீங்கள் கேட்கும் நீலத் தவளை தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டின் தெற்கே, சிபாலிவினி புல்வெளியின் நடுவே திட்டுத் திட்டாக நிற்கும் காடுகளைச் சேர்ந்தது. ஓடைக்குப் பக்கத்தில் வாழ்ந்தாலும் அது நீந்திப் பிழைக்கும் தவளை அல்ல. இலைச்சருகில் நடந்து சிறு பூச்சிகளைப் பொறுக்கும் தவளை. அதற்கு வேண்டியது ஈரக்காற்று, சருகு, ஒளிய இடம், 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் வெப்பம். அருவி நம் கண்ணுக்காக வைப்பது. அதனால் செலவில் அது கடைசியில் வர வேண்டும்: முதலில் பெட்டி, அடுத்து அடித்தள வடிகால், பிறகு செடி, விளக்கு, நீர்த்தூவி. இவை முடிந்த பிறகு கையில் பணமிருந்தால் அருவி.

ரெசின் அருவியில் மூன்று கோளாறுகள் உண்டு. தொட்டியில் பிடிக்கும் தண்ணீர் மிகக் குறைவு. கொஞ்சம் தெறித்தாலும் ஆவியானாலும் மோட்டார் வறண்டு ஓடிக் கருகிவிடும். தவளையின் கழிவு எல்லாம் அந்தச் சிறு தண்ணீரில் சேர்ந்து சுற்றும். மூன்றாவதுதான் ஆபத்தானது: மோட்டாரை மறைக்கும் மூடிக்குப் பின்னால் உள்ள இடுக்கில் தவளை நுழைந்து சிக்கிக்கொள்ளும்.

பெட்டியைக் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். முன்கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் இடைவெளி எவ்வளவு? பின்பக்கம் ஒயர் நுழையும் துளைகள் இறுக்கமாக மூடுகின்றனவா? தவளை தப்பாவிட்டாலும் அதற்குத் தீனியாகப் போடும், பறக்க முடியாத வகைப் பழ ஈக்கள் தப்பி வீடெங்கும் ஊர்ந்து நடமாடும். மேல்மூடி முழுவதும் கம்பி வலையாக இருந்தால் ஈரம் நிற்காது. முக்கால்வாசிக்குக் கண்ணாடி வெட்டி மூட வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். உயரத்தைவிடத் தரைப்பரப்பு இவற்றுக்கு முக்கியம் என்பதால், விலை வித்தியாசம் தாங்கக்கூடியது என்றால் 60 × 45 செ.மீ. தரை உள்ள பெட்டியே மேல்.

கேள்வி: பெட்டி வாங்கிவிட்டேன், 45 × 45 செ.மீ. தரை. அருவியை நானே கட்டப்போகிறேன். என்னென்ன சாமான், எந்த வரிசையில் செய்வது?

பதில்: முதல் வேலை கசிவுச் சோதனை. 8 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் முழுக்க வையுங்கள். ஒட்டு விட்ட பெட்டியைச் செடி வைத்த பிறகு கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார்.

அடித்தளத்துக்கு, டியூப்லைட் மறைப்பாகப் பயன்படும் வெள்ளைக் கட்டம் போட்ட பிளாஸ்டிக் தட்டி ஒன்று வேண்டும். அதைத் தரையளவுக்கு வெட்டி, 7 செ.மீ. உயரத்துக்கு நறுக்கிய பி.வி.சி. குழாய்த் துண்டுகள் ஐந்தின் மேல், நான்கு மூலையிலும் நடுவிலும், நிறுத்துங்கள். உள்ளேயும் தண்ணீர் சுற்ற ஒவ்வொரு துண்டிலும் இரண்டு வெட்டுப் போடுங்கள். தட்டியின் மேல் ஃபைபர்கிளாஸ் கொசுவலை. கம்பி வலை துருப்பிடிக்கும். வலையின் ஓரத்தை மேல்நோக்கி மடித்துக் கண்ணாடியோடு சிலிக்கான் வைத்து ஒட்டினால் மண் கீழே இறங்காது. தண்ணீர் 5 செ.மீ. நிற்கட்டும், மேலே மிச்சம் 2 செ.மீ. காற்று. அந்தக் காற்றிடைவெளிதான் மண்ணைக் காப்பாற்றுகிறது. இந்தத் தரையளவுக்கு 5 செ.மீ. என்பது சுமார் 10 லிட்டர். தட்டிக்குப் பதில் களிமண் உருண்டைகளைக் கொட்டினால் உருண்டைகளே பாதிக்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அருவிக்குத் தண்ணீர் பற்றாது.

பின்மூலையில் 12 செ.மீ. சதுரத்துக்கு ஒரு கிணறு விடுங்கள். மோட்டார் அதற்குள், ஸ்பஞ்சு சுற்றி. மேலே கல்லோ பட்டையோ ஒட்டிய மூடி, கையால் தூக்கும்படி, ஆனால் தவளை நுழையாதபடி. மோட்டாரை வெளியே எடுக்க வழியில்லாமல் கட்டிய அருவிகள்தாம் பெரும்பாலும் பாதியில் கைவிடப்படுகின்றன. தண்ணீர் போகும் 12 மி.மீ. ரப்பர் குழாயையும் ஃபோமுக்குள் நேராகப் புதைக்காதீர்கள். சற்று அகலமான பி.வி.சி. குழாயைப் புதைத்து அதனுள் இதைச் செருகினால், அடைத்துக்கொள்ளும்போது உருவிக் கழுவலாம்.

மோட்டார் வாங்கும்போது அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் 'மணிக்கு 300 லிட்டர்' என்ற எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது தண்ணீரை மேலே ஏற்றாதபோது வரும் அளவு. சின்ன எழுத்தில் அதிகபட்ச உயரம் என்று இன்னொரு எண் இருக்கும். அது 60 செ.மீ. என்றால், 40 செ.மீ. உயரத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 100 லிட்டர். ஸ்பஞ்சில் அழுக்கு சேர்ந்தால் அதுவும் சொட்டுச் சொட்டாகிவிடும். அதிகபட்ச உயரம் ஒரு மீட்டருக்குக் குறையாத, அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுள்ள மோட்டாராகப் பாருங்கள். உள்ளே சுழலும் இம்பெல்லர் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். முதலில் தேய்வது அதுதான். மோட்டார் ஒயர் சுவர் பிளக்குக்குப் போகும் வழியில் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். அப்போதுதான் ஒயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச் உள்ள இணைப்பு கட்டாயம்.

பின்சுவருக்குக் குளங்களுக்கென விற்கும் கறுப்பு ஃபோம். வழவழப்பான கண்ணாடியில் அது நாளடைவில் உரிந்து வரும் என்பதால், முதலில் கண்ணாடியில் சிலிக்கானைத் தாறுமாறாகப் பூசிக் காயவிட்டு, பெட்டியை மல்லாத்தி, அதன் மேல் அடியுங்கள். ஒரே மூச்சில் தடிமனாக அடித்தால் வெளியே காய்ந்து உள்ளே பிசுபிசுவென்று இருக்கும்; 3 செ.மீ. தடிமனுக்கு ஒரு அடுக்கு, ஒரு நாள் இடைவெளி. காய்ந்ததும் கத்தியால் செதுக்கலாம், ஆனால் செதுக்கிய இடம் தண்ணீரை உறிஞ்சும். ஆகவே நீர் ஓடும் பாதை, அதாவது ஓடை முழுவதும் இரண்டு கை சிலிக்கான் பூசி, ஈரமாக இருக்கும்போதே மணலை அழுத்துங்கள். மற்ற இடங்களில் சிலிக்கான் மேல் கோகோபீட். சிலிக்கான் 100 சதவீதம் சிலிக்கானாகவும், பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாகவும் இருக்க வேண்டும். குளியலறைக்கு விற்பது ஆகாது. வினிகர் வாடை முற்றிலும் போகும்வரை, ஒரு வாரமாவது, திறந்து வையுங்கள்.

மண் போடும் முன் அருவியை மூன்று நாள் ஓட விடுங்கள். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு டேப் ஒட்டுங்கள். மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 2 லிட்டர் எங்கோ போயிருக்கிறது என்று பொருள். மண் இல்லாத இப்போது கண்டுபிடிப்பது சுலபம்.

பிறகு மண். அட்லாண்டா தாவரவியல் பூங்காவின் பெயரில் வழங்கும் ஏ.பி.ஜி. கலவையே இன்றும் நம்பகமானது: மரப்பெரணி நார் 2 பங்கு, ஆர்க்கிட் பட்டை 2 பங்கு, பீட் பாசி, ஸ்பாக்னம் பாசி, மரக்கரி தலா 1 பங்கு. ஓடையும் கிணறும் போக, 5 செ.மீ. கனத்துக்கு 8 லிட்டர் போதும். மேலே மாக்னோலியா, ஓக், நாட்டு வாதுமை இலைச்சருகு, வேகவைத்து எடுத்தது. சருகுக்குள் ஸ்பிரிங்டெயில் பூச்சிகளை விட்டு, தவளை இல்லாமல் நான்கு முதல் ஆறு வாரம் செடிகளை வேர்பிடிக்க விடுங்கள். அந்தப் பூச்சிகள் பூஞ்சையைத் தின்னும், பிறகு தவளைக்கும் தீனியாகும்.

கேள்வி: அருவி கட்டி மூன்று வாரம் ஆகிறது. மண் சேறாகி அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. தினமும் தண்ணீர் ஊற்றியும் மட்டம் இறங்குகிறது, ஆனால் பெட்டிக்கு வெளியே ஒரு சொட்டும் இல்லை. கண்ணாடியிலும் வெள்ளைத் திட்டு. (லண்டன் வாசகர்)

பதில்: அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இருக்கிறது. ஓடையின் விளிம்பில் பாசி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அனேகமாக ஒரு முனை தண்ணீரிலும் மறு முனை மண்ணிலுமாகப் பாசி படர்ந்திருக்கும். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது இரவும் பகலும் தண்ணீரை இழுத்து மண்ணில் சேர்க்கும். காற்று புகாத மண்ணில் வளரும் பாக்டீரியாக்கள் விடும் வாயுவின் நாற்றம்தான் உங்களுக்கு வருவது. செடியின் வேர் அழுகும். சதா ஈரத்தில் நிற்கும் தவளையின் தோலும் புண்ணாகும்.

மோட்டாரை நிறுத்துங்கள். விளிம்பிலிருந்து 2 செ.மீ. அகலத்துக்குப் பாசியையும் மண்ணையும் அகற்றி, அந்த இடைவெளியில் கூழாங்கல் நிரப்புங்கள். ஓடையின் உதடு மண்ணைவிட 1 செ.மீ. உயரமாக இருக்கட்டும். நாற்றமடிக்கும் மண்ணை ஆறப்போட்டுத் திரும்பப் போட வேண்டாம், புதிதாக மாற்றுங்கள். அடியில் நிற்கும் தண்ணீரையும் முழுக்க உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். மோட்டார் குழாயில் ஒரு 'டி' இணைப்பும் வால்வும் வைத்தால், மோட்டாரே அழுக்குத் தண்ணீரை வாளிக்குத் தள்ளிவிடும். வடிகாலுக்காக அடிக்கண்ணாடியில் துளை போட நினைத்தால் அது டெம்பர்டு கண்ணாடியா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். டெம்பர்டு என்றால் டிரில் பட்டதும் மொத்தமும் பொடிப்பொடியாகும்.

வெள்ளைத் திட்டு லண்டன் குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு. நீர்த்தூவியின் மூக்கையும் அதுவே அடைக்கும். தூவுவதற்கும் அருவிக்கும் ஆர்.ஓ. தண்ணீரே பயன்படுத்துங்கள்.

கேள்வி: செடிகளை நர்சரியில் வாங்கி அப்படியே வைக்கலாமா?

பதில்: கூடாது. தொட்டி மண்ணில் உரமும், சில செடிகளில் உள்ளே ஊடுருவும் பூச்சி மருந்தும் இருக்கும். தவளை தோலால் தண்ணீர் குடிக்கும் பிராணி. மண்ணை முழுக்க உதறி, வேரைக் கழுவி, சில வாரம் தனியே வைத்த பிறகே பெட்டிக்குள் விடுங்கள். மருந்து அடிக்காத செடி விற்கும் விவேரியம் (இதுபோன்ற உயிரினக் கண்ணாடிப் பெட்டி) கடையில் வாங்கினால் விலை கூடுதல், கவலை குறைவு. நியோரெகேலியா என்ற புரோமிலியாடு (அன்னாசிக் குடும்பச்) செடியை மண்ணில் நடாமல் பின்சுவரில் பொருத்துங்கள். மண்ணில் அடி அழுகும்.

கேள்வி: தவளையே விஷமாச்சே, வீட்டில் குழந்தை இருக்கிறது. வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

பதில்: காட்டில் இவை தின்னும் எறும்பு, சிற்றுண்ணிகளிலிருந்து வரும் ஆல்கலாய்டுகளே அந்த விஷம். பழ ஈ தின்று கண்ணாடிப் பெட்டியில் பிறந்து வளர்ந்தவற்றில் அது சேர்வதில்லை. ஆனாலும் கையில் எடுக்கும் பிராணி அல்ல. நம் கையின் உப்பும் சோப்பும் அதற்குத்தான் கெடுதல்.

விற்பவரிடம் கேளுங்கள்: இங்கே பிறந்ததா, காட்டில் பிடித்ததா? தலைப்பிரட்டையிலிருந்து மாறி எத்தனை மாதம்? இப்போது என்ன தின்கிறது? மலப் பரிசோதனையும், தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சைக்கான பி.சி.ஆர். சோதனையும் செய்தாயிற்றா? மூன்று மாதத்துக்குக் குறைந்த குஞ்சை வாங்காதீர்கள். குஞ்சுகளை 'ஜோடி' என்று கூடுதல் விலைக்கு விற்றால் நம்ப வேண்டாம், அந்த வயதில் ஆண் பெண் தெரியாது. வளர்ந்த ஆணுக்கு முன்கால் விரல் நுனித் தட்டு அகலமாக இருக்கும். இரண்டும் பெண்ணாக அமைந்துவிட்டால் ஒன்றையொன்று அமுக்கிச் சண்டையிடும், தோற்றது தீனி எடுக்காமல் மெலியும். வேறு இனத்தையும் கூட விடாதீர்கள்.

தவளைக்கு முன்பே பழ ஈ வளர்ப்பு தொடங்கிவிட வேண்டும். ஒரு டப்பா ஈ பொரிந்து வர இரண்டு வாரம் ஆகும், எனவே வாரம் ஒரு டப்பா. கால்சியமும் வைட்டமின் டி3-யும் கலந்த பொடியைத் தூவியே ஈயைப் போடுங்கள். திறந்த பொடியை ஆறு மாதத்தில் தூக்கி எறிந்துவிடுங்கள்.

கேள்வி: சென்னையில் கிடைக்குமா? இணையத்தில் ஒருவர் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: பணம் அனுப்பாதீர்கள். இவை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ளவை. 2022 திருத்தத்துக்குப் பிறகு இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் அத்தகைய இனங்கள் வருகின்றன. வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இறக்குமதி உரிமமும் பதிவும் காட்ட முடியாதவரிடம் வாங்கினால் வழக்கு உங்கள் மேலும் வரும். அது போக, 30 டிகிரியைத் தாண்டினாலே இவை சாகும். மே மாதச் சென்னையில் விளக்கு எரியும் மூடிய பெட்டி எங்கே நிற்கும்? நம்மூர்த் தவளையைப் பிடித்து வந்து விடுவதும் வழியல்ல. பாசி, பெரணி, அருவி மட்டும் வைத்த பெட்டி கட்டலாம். மேலே சொன்ன கட்டுமானம் அத்தனையும் அதற்கு அப்படியே பொருந்தும்.

கேள்வி: இரவில் அருவியை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தலாம், விளக்கோடு சேர்த்து 12 மணி நேர டைமரில் போடுங்கள். முதல் முறை நிறுத்தும்போது மட்டும் பக்கத்தில் இருந்து கவனியுங்கள். ஓடையிலும் குழாயிலும் இருந்த தண்ணீர் முழுக்கக் கீழே இறங்கி மட்டம் உயரும். அது கொசுவலையைத் தொட்டால், தொடாத அளவுக்குத் தண்ணீரை எடுத்துவிட்டு டேப்பை இறக்கி ஒட்டுங்கள்.