பார்மிக் அமிலத்துக்கு மூன்று பெயர் இருந்தால் சாஃப்ட்வேர் என்ன செய்யும்?

கேள்வி: பேரணாம்பட்டில் டேனரி (தோல் பதனிடும் ஆலை) வைத்திருக்கிறோம். கெமிக்கல், உதிரி பாகம் என்று அறுபது சப்ளையர்கள். இன்டென்ட் (பொருள் வேண்டும் என்ற சீட்டு) போடுவதிலிருந்து பில் பாஸ் ஆவது வரை எல்லாவற்றையும் 30 நாளில் ஆன்லைன் ஆக்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார். தப்பான பில்லுக்குப் பணம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இறங்கலாமா?

பதில்: இறங்கலாம். முன்பணத்தை மட்டும் இப்போது கொடுக்காதீர்கள்.

தப்பான பில்லைத் தடுப்பது ஓர் எளிய ஒப்பீடுதான். நீங்கள் கொடுத்த ஆர்டர், சரக்கு இறங்கியதும் ஸ்டோர்ஸில் போட்ட ஜிஆர்என் என்ற சரக்கு வரவுச் சீட்டு, சப்ளையர் அனுப்பிய பில், இந்த மூன்றிலும் பொருளும் அளவும் விலையும் ஒத்துப்போனால் பில் தானாக பாஸ் ஆகும். ஒன்று இடறினாலும் நின்றுவிடும். எந்த சாஃப்ட்வேரும் இதைச் செய்யும். இடறுவது உங்கள் பொருள் பட்டியலில்தான்.

உங்கள் ஸ்டோர்ஸ் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஒரே அமிலம் ஓரிடத்தில் ‘பார்மிக்’, இன்னோரிடத்தில் ‘பார்மிக் ஆசிட் 85’, வேறோர் இடத்தில் ‘எஃப். ஆசிட்’ என்று இருக்கும். கணினிக்கு இவை மூன்று பொருள்கள். ஒரு பெயரில் இருப்பு தீர்ந்ததும், இன்னொரு பெயரில் கேன்கள் அடுக்கி நிற்கும்போதே, புது ஆர்டர் போட்டுவிடும். ஆகவே ஒரு பொருளுக்கு ஒரு பெயர், ஒரு குறியீடு, ஒரே அலகு. அமிலத்துக்கு 85 சதவீதம் என்பது போன்ற செறிவும் பெயரிலேயே இருக்கட்டும்.

அலகில்தான் பெரும்பாலோர் விழுகிறார்கள். ஒரு நாளைக்கு 70 கிலோ செலவு, சரக்கு வர 5 நாள், கையிருப்புக்கு 2 நாள் என்றால் 490 கிலோ மிஞ்சும்போது ஆர்டர் போக வேண்டும். 35 கிலோ கேனில் அது 14 கேன். ஆர்டர் கேனிலும் பில் கிலோவிலும் இருந்தால் பில் நிற்கும். அவசரத்தில் ஒருவர் 490 என்று கேன் கட்டத்தில் தட்டிவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஒழுங்குக்குள் அடங்காதது ஜாப் ஒர்க். கிரஸ்ட் தோலை, அதாவது பதனிட்டுக் காய்ந்த, மேல்பூச்சு போடாத தோலை, ஃபினிஷிங்குக்கு வெளியே அனுப்புகிறீர்கள். திரும்பி வரும்போது வரும் பில் கூலிக்கு மட்டும்தான், தோல் என்றும் உங்களுடையது. அதைச் சாதாரண கொள்முதலாகப் பதிந்தால் உங்கள் தோலையே நீங்கள் மறுபடி வாங்கியதாக இருப்பு இரட்டிப்பாகும். எனவே போவது டிசியில் (டெலிவரி சலானில்) போக வேண்டும். ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். ஜாப் ஒர்க் சரக்குக்கான ஜிஎஸ்டி படிவம் ஐடிசி-04இலும் காட்ட வேண்டும். அதற்கு மேல், டாகிள் அடித்தால் (இழுத்துப் பிடித்துக் காய வைத்தால்) சதுர அடி கூடும், ஓரத்தை ட்ரிம் செய்தால் குறையும், ஈரக்காற்றில் ஒரு அளவு, காய்ந்த பின் இன்னோர் அளவு. கூலி போன அளவுக்கா, வந்த அளவுக்கா என்பதை ஆர்டரிலேயே எழுதுங்கள். இரண்டு சதவீத வித்தியாசம் வரை பில் பாஸ் ஆகும்படி வைக்கச் சொல்லுங்கள். ஏஜென்ட் காட்டும் டெமோவில் இது இருக்காது. ‘ஒரு ஜாப் ஒர்க்கை முழுசாக ஓட்டிக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே கழன்றுவிடுவார்கள்.

சிறு, குறு உற்பத்தியாளர்களுக்குப் பணம் கொடுப்பது எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். சாஃப்ட்வேரில் பழக்கத்துக்கு 90 என்று போட்டு வைக்காதீர்கள். தாமதித்தால் வட்டியும் ஏறும், அந்தச் செலவை வருமான வரியில் கழிப்பதும் தள்ளிப்போகும்.

சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் பட்டியலான ஜிஎஸ்டி 2பி மாதம் 14ஆம் தேதி வரும். அதில் ஏறாத பில்லைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். சப்ளையர் தாக்கல் செய்யாததற்கு வாங்கியவர் கிரெடிட்டை (கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் உரிமையை) இழப்பது என்ன நியாயமோ! யாரைக் கேட்டாலும் ‘போர்ட்டல் அப்படித்தான்’ என்பார்கள்.

இனி ஏஜென்ட். அட்மின் லாகின் உங்கள் பெயரில், ஓடிபி வரும் எண் உங்கள் கம்பெனி எண்ணாக இருக்க வேண்டும். அவர் எண்ணைக் கொடுத்துவிட்டால், பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர் வாசலில் நிற்க வேண்டும். உங்கள் தரவு முழுவதையும் எக்செல்லில் எடுக்க முடிகிறதா என்று உங்கள் கண் முன் செய்து காட்டட்டும். ‘வெண்டர் ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று உங்கள் சப்ளையர்களிடம் காசு வசூலிக்க விடாதீர்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசுத் தளத்தில் ஒரு பைசா கட்டணம் கிடையாது. அதற்கும் ஆயிரக்கணக்கில் வாங்கிவிடுகிறார்கள். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று சப்ளையர் பெயரில் மெயில் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள பழைய எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்காமல் மாற்றாதீர்கள். மூன்று தாள் ஒப்பீடு இந்த மோசடியைப் பிடிக்காது.

30 நாள் என்பதை மறந்துவிடுங்கள். அடிக்கடி வாங்கும் 40 பொருள், பத்து சப்ளையர், இரண்டு மாதம். பழைய நோட்டும் கூடவே ஓடட்டும். மாதக் கடைசியில் நோட்டும் திரையும் ஒரே இருப்பைக் காட்டினால் முதல் தவணையைக் கொடுங்கள்.