கட்டணம் குறைந்தால் போதுமா? உயர்கல்வி வாய்ப்பு பற்றிய கேள்வி பதில்

கேள்வி (பள்ளி ஆசிரியர்): ஐயா, கல்லூரிக் கட்டணத்தை முழுதாக ரத்து செய்துவிட்டால் ஏழைப் பிள்ளைகள் தானாக வந்துவிட மாட்டார்களா?

கட்டண ரத்தை நான் ஆதரிக்கிறேன், ஆனால் அது மட்டும் போதாது. அயர்லாந்து 1996-இல் இளநிலைப் பட்டப்படிப்புக்குக் கட்டணத்தை நீக்கியது. ஏழை வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கு அதற்கு முன்பே கட்டண விலக்கு இருந்ததால், அவர்களுக்குப் புதிதாகக் கிடைத்தது குறைவு. தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து, அப்புறம் படிக்கும் காலத்தில் வேலைக்குப் போகாததால் இழக்கும் கூலி, இதெல்லாம் அப்படியேதான் இருக்கும். பல வீடுகளில் பேச்சு கூலியில்தான் முடிகிறது. அதனால் வாழ்க்கைச் செலவுக்கான மாதாந்திர உதவித்தொகையும் சேர்ந்தே வர வேண்டும்.

கேள்வி: உதவித்தொகை இருக்கிறது என்று சொன்னாலும் பிள்ளைகள் விண்ணப்பிப்பதில்லை. ஆர்வம் இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015 முதல் ஒரு சோதனை செய்தது. நன்றாகப் படிக்கும், வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு வீட்டுக்கே கடிதம் அனுப்பியது. 'இடம் கிடைத்தால் நான்கு ஆண்டும் உங்களுக்குக் கட்டணம் கிடையாது, உதவிக்காக வருமானப் படிவம் எதுவும் நிரப்ப வேண்டாம்' என்பதுதான் செய்தி. பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும்கூடத் தகவல் போனது. இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே அதே அளவு உதவி கிடைத்திருக்கும்! கடிதம் வராதவர்களில் சுமார் கால்வாசிப் பேர் விண்ணப்பித்தார்கள், வந்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர். சேர்ந்தவர்களின் விகிதமும் இரு மடங்குக்கு மேல் ஏறியது. பணம் கூடவில்லை, சந்தேகம்தான் நீங்கியது. முன்கூட்டியே உறுதி சொல்லாத உதவித்தொகை பாதி உதவித்தொகைதான்.

கேள்வி (மாணவர்): கடன் வாங்கிப் படிக்கப் பயமாக இருக்கிறது சார்.

நியாயமான பயம் தம்பி. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை கட்டு என்னும் கடனுக்கு யாரும் பயப்படுவார்கள். ஆஸ்திரேலியா 1989-இல் வேறு வழி கண்டது: படிப்பு முடிந்து வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் வரியோடு சேர்த்துப் பிடிப்பார்கள், இல்லையென்றால் இல்லை. அதிலும் குறை உண்டு. விலைவாசியோடு நிலுவையும் ஏறும். 2023-இல் ஒரே தடவையில் 7.1 சதவீதம் ஏறி, மக்கள் கொதித்தார்கள். அதன்பின் விலைவாசி, ஊதிய உயர்வு இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் ஏறக்கூடாது என்று மாற்றினார்கள்.

கேள்வி: ஒதுக்கீடு தகுதியைக் குலைக்காதா?

மதிப்பெண் மாணவரை மட்டுமா அளக்கிறது? அவர் படித்த பள்ளியையும், வீட்டில் கிடைத்த வசதியையும் சேர்த்துத்தான் அளக்கிறது. டெக்சாஸ் 1997-இல் கொண்டுவந்த சட்டம் இதைப் புரிந்துகொண்டது. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதல் 10 சதவீதத்தில் வருபவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்றது. பிரேசில் 2012-இல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் பாதி இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கியது. அந்தப் பாதிக்குள் வருமானமும் இனமும் கணக்கில் வரும். பின்தங்கிய பள்ளியிலிருந்து முதலிடம் பிடித்து வருபவரிடம் தகுதி இல்லை என்று என்னால் சொல்லவே முடியாது.

கேள்வி: வேலைக்குப் போகிறவள் நான், வயது 35. எனக்கு வழி உண்டா?

உண்டு. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் முன்தகுதி கேட்காமலே மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. பல நாடுகள் அதைப் பின்பற்றின. சேரும் முன் பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சேர்ந்தவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்களே?

இதைத்தான் கொள்கை வகுப்பவர்கள் மறக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் கட்டண பாக்கியால் பெயர் நீக்கப்படப் போகிறவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தது. பட்டத்தை நெருங்கிவிட்ட பலர் சில நூறு டாலர் பாக்கிக்காக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். 2011 முதல் அந்தத் தொகையைப் பல்கலைக்கழகமே அவர்கள் கணக்கில் போடுகிறது, விண்ணப்பம்கூடக் கேட்பதில்லை. உங்கள் அரசிடம் ஒன்று கேளுங்கள்: எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு, எந்த வருமானப் பிரிவில் எத்தனை பேர் படித்து முடித்தார்கள் என்ற கணக்கையும் ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லுங்கள்.