நாயகியின் மறுப்புக்கு என்ன மதிப்பு?

கேள்வி: நாங்கள் எட்டுத் தோழிகள். சிலர் வேலைக்குப் போகிறவர்கள், சிலர் வீட்டில் இருப்பவர்கள். வயது இருபத்தைந்திலிருந்து அறுபது வரை. காதல் நாவல் படிக்கும் பழக்கம்தான் எங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. சென்ற மாதம் கூடியபோது ஆளுக்குப் பத்து நாவல்களையும் பிடித்த எழுத்தாளர்களையும் எழுதினோம். ரமணிசந்திரன் எல்லோர் பட்டியலிலும் இருந்தார். மூத்தவர்கள் லக்ஷ்மியைச் சேர்த்திருந்தார்கள். ஒருத்தி ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினை எழுதியிருந்தாள். இளையவர்கள் குறிப்பிட்டவர்களில் பாதிப் பேர் இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறவர்கள். கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் உறவினர் ஒருவர் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றுகூட இலக்கியம் இல்லையே, இத்தனை வருடம் படித்ததெல்லாம் வீண்" என்றார். அன்றிலிருந்து எங்களில் சிலருக்கு இந்தப் புத்தகங்களைக் கையில் எடுக்கவே கூச்சமாக இருக்கிறது. இனி நாங்கள் படிக்க வேண்டிய தரமான நூல்களின் பட்டியல் ஒன்று தருவீர்களா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தர மாட்டேன். படிக்கப் புதிதாக ஏதாவது வேண்டும் என்று கேட்டிருந்தால் ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்திருப்பேன். நீங்கள் கேட்பது அதுவல்ல. வெட்கத்தைப் போக்கிக்கொள்ள ஒரு பட்டியல் கேட்கிறீர்கள். அதைக் கொடுத்தால் அந்தப் பேராசிரியர் சொன்னதை நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். எனக்கு அது சம்மதமில்லை.

அவரிடம் ஒன்று கேளுங்கள். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' இலக்கியமா, இல்லையா? கல்கியில் தொடராக வந்தபோது அதைப் படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். அது காதல் கதை. அகிலனின் 'பாவை விளக்கு', தணிகாசலம் என்ற எழுத்தாளனையும் அவன் வாழ்க்கைக்குள் வரும் நான்கு பெண்களையும் பற்றியது. அதுவும் காதல் கதை. தி. ஜானகிராமனின் 'மோக முள்', தன்னைவிட வயதில் மூத்த யமுனாவுக்காக ஆண்டுக்கணக்கில் ஏங்கும் பாபுவின் கதை. அது என்ன கதை? இவற்றையெல்லாம் அவர் வகுப்பில் மதிப்போடுதான் சொல்லித் தந்திருப்பார், தர வேண்டியதும்தான். ஆண் ஏங்கினால் அது வாழ்க்கையின் விசாரணை என்றும், பெண் ஏங்கினால் பொழுதுபோக்கு என்றும் நம் விமர்சனம் நெடுங்காலமாகப் பிரித்து வைத்திருக்கிறது. காதலர்கள் பிரிந்தாலோ இறந்தாலோ கதைக்குக் கனம் கூடிவிடுகிறது என்ற நம்பிக்கையும் இதனோடு சேர்ந்தது. அரவிந்தன் சாகாமல் பூரணியை மணந்துகொண்டிருந்தால், அந்த நாவலுக்கு இதே மரியாதை கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

பெண்கள் எழுதிப் பெண்கள் படித்த கதைகளுக்கு நம் மொழியில் இருக்கும் வரலாறும் சிறியதல்ல. வை. மு. கோதைநாயகி அம்மாளுக்குத் தொடக்கத்தில் சரளமாக எழுத வராது. 1924-இல் வெளியான தம் முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அதன் பிறகு 115 நாவல்கள். 'ஜகன்மோகினி' பத்திரிகையையும் எடுத்து நடத்தினார், விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். லக்ஷ்மி என்ற திரிபுரசுந்தரி, மருத்துவப் படிப்புக்குப் பணம் வேண்டி ஆனந்த விகடனில் கதை எழுதத் தொடங்கியவர். டாக்டரானார், தென்னாப்பிரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்தார், எழுதுவதை நிறுத்தவில்லை. 1984-இல் அவருடைய 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. உங்கள் மூத்த தோழிகளின் பட்டியலில் லக்ஷ்மி இருக்கும்போது, "ஒன்றுகூட இலக்கியம் இல்லை" என்று அந்தப் பேராசிரியர் சொன்னாரென்றால், பட்டியலை அவர் முழுதாகப் படிக்கவே இல்லை.

ரமணிசந்திரனுக்கு வருகிறேன். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். பஸ் நிலையக் கடையிலும் பெட்டிக்கடையிலும் மாத நாவலாகத் தொங்கி, வாடகை நூலகங்களில் அட்டை கிழியக் கிழியக் கைமாறிய புத்தகங்கள் அவருடையவை. அந்த நூலகங்களில் புத்தகம் எடுத்தவர்களுக்குத் தெரியும், அவர் நாவல் திரும்பி வருவதற்குள் அடுத்தவர் பெயர் நோட்டில் ஏறியிருக்கும். தொடர்கதையைப் பத்திரிகையிலிருந்து வாரா வாரம் பிரித்தெடுத்து, பைண்டு செய்து, மகள் கல்யாணமாகிப் போகும்போது கொடுத்தனுப்பிய தாய்மார்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். பள்ளிப் படிப்பை எட்டாவதோடு நிறுத்திவிட்ட பெண்கள் தமிழை மறக்காமல் இருந்ததற்கு இந்தக் கதைகள் ஒரு காரணம். இதை வீண் என்று சொல்ல எந்தப் பேராசிரியருக்கும் உரிமை இல்லை. பத்திரிகை நடத்துகிற எனக்கு இது உணர்ச்சிப் பேச்சு அல்ல. இந்த வாசகிகள் சந்தா கட்டியதால் பிழைத்த பத்திரிகைகள் பல.

ரமணிசந்திரனின் கதைப்போக்கு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வசதி குறைந்த, தன்மானம் மிகுந்த பெண். செல்வமும் கோபமும் உள்ள ஆண். இடையில் ஒரு தவறான எண்ணம், அதை வளர்க்க ஓர் உறவுக்காரி, கடைசியில் எல்லாம் தெளிந்து சேர்வது. முடிவு முன்பே தெரியும் என்பதைக் குறையாகச் சொல்கிறவர்கள், இந்த வகைக் கதையை எப்படிப் படிப்பது என்று அறியாதவர்கள். சேர்வார்களா என்பது உங்கள் கேள்வியே அல்ல. எந்த நிபந்தனையின்பேரில் சேர்வார்கள் என்பதைத்தான் நீங்கள் கவனித்துப் படிக்கிறீர்கள்.

ஆனால் உங்கள் பட்டியலோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பேராசிரியரின் சண்டை வேறு, இது வேறு.

இளைய தோழிகள் இணையத்திலிருந்து எழுதியிருக்கும் கதைகளில் எத்தனை 'ஆன்டி ஹீரோ' கதைகள் என்று எண்ணிப் பாருங்கள். இணையத்தில் எழுதுவதைக் குறைவாக நான் நினைக்கவில்லை. பதிப்பாளரின் தயவு இல்லாமல், சமையலுக்கும் குழந்தைக்கும் நடுவில் அன்றைய அத்தியாயத்தை எழுதிப் பதிவேற்றும் பெண்கள் அவர்கள். கோதைநாயகி அம்மாளின் வழிவந்தவர்கள் என்றே அவர்களை மதிக்கிறேன். அவர்களில் சிலருக்கு உரையாடல் கைவந்திருக்கிற அளவுக்கு அச்சில் எழுதும் பலருக்கு வருவதில்லை. என் கோபம் ஒரு குறிப்பிட்ட நாயகன்மேல். பழிவாங்குவதற்காக ஒரு பெண்ணைக் கடத்திக்கொண்டு போய் தாலி கட்டுகிறவன். அவள் அழ அழ அவளைத் தொடுகிறவன். அறைகிறவன். பிறகு இருபதாம் அத்தியாயத்தில் அவனுடைய சிறுவயதுத் துயரம் ஒன்றைச் சொல்வார்கள். அவன் ஒருமுறை கண் கலங்குவான். அவள் மன்னித்துவிடுவாள், கர்ப்பமாகவும் இருப்பாள். கீழே முந்நூறு பேர் இதயக் குறி போட்டிருப்பார்கள்.

இதைக் காதல் கதை என்று ஏற்க மாட்டேன். இலக்கியத் தரம் குறைவு என்பதற்காக அல்ல. காதல் கதைக்கு உயிரான ஒன்று அதில் இல்லை. நாயகி மறுக்கலாம், அந்த மறுப்பால் கதை திசை மாறலாம் என்ற சாத்தியம்தான் அது. அவள் மறுத்தாலும் மறுக்காவிட்டாலும் அதே மண்டபம், அதே கட்டில் என்றால், கடைசி அத்தியாயத்தில் அவள் சம்மதிப்பதற்கு என்ன பொருள் இருக்கிறது?

உங்களில் ஒருத்தி ஜேன் ஆஸ்டினை எழுதியிருக்கிறாள் அல்லவா, அவளிடம் 1813-இல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் காலின்ஸ் என்ற பாதிரியார் பெண் கேட்கும் இடத்தை எல்லோருக்கும் சொல்லச் சொல்லுங்கள். நாயகி எலிசபெத் வேண்டாம் என்கிறாள். அவர் கேட்பதாக இல்லை. பெண்கள் முதலில் மறுப்பது வழக்கம்தானே, உள்ளுக்குள் சம்மதம்தான் என்று அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறார். என்னை மனதிலிருப்பதைச் சொல்லத் தெரிந்த, அறிவுள்ள ஒரு பிறவியாக நினையுங்கள் என்று அவள் மன்றாட வேண்டியிருக்கிறது. அவள் விளையாட்டாக மறுக்கவில்லை. அவர்கள் குடியிருக்கும் வீடும் நிலமும் தகப்பனாருக்குப் பிறகு காலின்ஸுக்குத்தான் போகும். அது தெரிந்தே மறுக்கிறாள். பெண்ணின் மறுப்பு காதில் ஏறாத ஆணை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் எழுத்தாளர் அந்தக் கதையின் பெரிய முட்டாளாக வைத்தார். இன்று அதே குணத்தை வைத்து நாம் நாயகனைச் செய்கிறோம்.

நாயகன் டார்சியையும் அவள் மறுக்கிறாள். பணக்காரன், கர்வி, பேச்சில் கடுமை, பார்த்தால் நம் மாத நாவல் நாயகனேதான். அவள் மறுத்த மறுநாள் அவன் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு விலகிப் போகிறான். பழி வாங்கவில்லை, துரத்தவில்லை. அவள் சொன்ன குற்றச்சாட்டில் எது உண்மை என்று யோசித்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறான். மறுபடி கேட்கும்போது, உன் மனம் மாறவில்லையென்றால் ஒரு வார்த்தை சொல், இனி இதைப் பேசவே மாட்டேன் என்கிறான். அந்த நாவலின் காதல் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்குத் தெரிகிறது. 1847-இல் வெளிவந்த 'ஜேன் அயர்' நாயகியும் இப்படித்தான். உயிராக நேசிக்கும் ராச்செஸ்டருக்கு மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று மணமேடையில் தெரிந்ததும், கையில் இருந்த சொற்பக் காசோடு அந்த வீட்டை விட்டு வெளியேறுகிறாள். அவன் கெஞ்சியும் நிற்கவில்லை.

"அதெல்லாம் வெள்ளைக்காரர் கதை, நம் ஊரில் விருப்பமில்லாக் கல்யாணம்தானே நடக்கிறது" என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். சரி, லக்ஷ்மியையே எடுத்துக்கொள்வோம். 'பெண் மனம்' நாவல்தான் 1963-இல் 'இருவர் உள்ளம்' படமாக வந்தது. சிவாஜியும் சரோஜாதேவியும் நடித்ததை உங்கள் மூத்த தோழிகள் பார்த்திருப்பார்கள். அதிலும் நாயகிக்கு விருப்பமில்லாத திருமணம்தான், நாயகனும் கெட்ட பெயர் எடுத்த பணக்காரன்தான். இருந்தும் அந்தக் கதை அவள் வெறுப்பை ஒரு தடையாக நினைத்துத் தாண்டிப் போய்விடுவதில்லை. தாலி ஏறியதும் அவள் மனமும் கூடவே வந்துவிட்டதாகப் பாவிப்பதில்லை. அந்த மனம் எப்படி, எதனால் மாறுகிறது என்பதுதான் கதையே. கட்டாயக் கல்யாணத்தை வைத்து எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் வீடுகளில் நடப்பதை எழுதாமல் எதை எழுதுவது? அந்தக் கட்டாயத்தின் வலியை எழுதுகிறவருக்கும் அதையே கிளுகிளுப்பாக்கி விற்கிறவருக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் பார்க்க வேண்டும் என்கிறேன். ரமணிசந்திரனையும் இந்தக் கண்ணோடு திரும்பப் படியுங்கள். சந்தேகப்படுகிற, நாக்கால் சுடுகிற நாயகர்கள் அவரிடமும் உண்டு. எந்த நாவலில் நாயகி அதற்குக் கணக்குக் கேட்கிறாள், எதில் கேட்காமலே விட்டுவிடுகிறாள் என்று நீங்கள்தான் சொல்ல முடியும். பத்துத் தடவை படித்தவர்கள் நீங்கள், பேராசிரியர் அல்ல.

"கதைதானே, இதற்கு ஏன் இவ்வளவு?" என்பார்கள். பிள்ளைக்கு அரவிந்தன் என்று பெயர் வைக்கிற அளவுக்குக் கதையை வீட்டுக்குள் விட்ட வாசகர்கள் நாம். கதை நம்மைத் தொடாது என்று நம்மால் சொல்ல முடியாது. உங்கள் குழுவில் இருபத்தைந்து வயதுப் பெண் இருக்கிறாள். அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கலாம். கன்னத்தில் அறைவது அன்பின் மிகுதி என்று முந்நூறு அத்தியாயங்கள் அவளிடம் சொல்லியிருந்தால், அதில் ஒன்றுகூட அவள் மனதில் தங்காது என்று உறுதியாகச் சொல்வீர்களா? என்னால் முடியாது. இந்த நாயகனைத் தடை செய்யுங்கள் என்று நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை. வாசகிகள் விரும்பாத நாயகன் தானாக மறைவான். இணையத்தில் எழுதுகிறவர்கள் உங்கள் பின்னூட்டத்தைப் பார்த்துத்தான் அடுத்த அத்தியாயத்தை எழுதுகிறார்கள். கோதைநாயகி அம்மாள் காலத்து வாசகிக்கு இல்லாத பலம் இது. இதயக் குறிக்குப் பதிலாக, "இந்த இடத்தில் அவன் செய்தது குற்றம், இவள் ஏன் மன்னிக்க வேண்டும்?" என்று எட்டுப் பேரும் எழுதுங்கள். அடுத்த வாரமே வேறுபாடு தெரியும்.

பட்டியலைக் கிழித்துவிடாதீர்கள். அடுத்த முறை கூடும்போது ஒவ்வொரு நாவலுக்கும் எதிரே இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். நாயகி எதை மறுத்தாள், மறுத்த பிறகு என்ன ஆனது. எட்டுப் பேருக்குப் பத்து என்றால் எண்பது. பொதுவாக வருபவற்றைக் கழித்தாலும் நாற்பது ஐம்பது நாவல்கள் தேறும். எழுதி எனக்கு அனுப்பினால் இந்தப் பத்திரிகையில் நான்கு பக்கம் ஒதுக்குகிறேன். உங்கள் பேராசிரியருக்கும் ஒரு பிரதி அனுப்பி வைக்கிறோம்.