மாங்காய் சீசன் முடிந்ததும் சுவிட்சர்லாந்து

கேள்வி: எங்களுக்கு மாந்தோப்பு. நான், மனைவி, 9 வயது மகள், 68 வயது அம்மா நாலு பேரும் சுவிட்சர்லாந்து பார்க்க ஆசைப்படுகிறோம். 6 நாளில் நாலு நாடு காட்டுகிறோம் என்கிறார் ஒரு ஏஜென்ட். நாங்களாகவே போக முடியுமா? அம்மாவுக்கு பி.பி. உண்டு.
- பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: தாராளமாகப் போகலாம். அந்த நாலு நாட்டுக் கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள், அம்மாவை பஸ்ஸில் ஏற்றி இறக்குவதிலேயே ஆறு நாளும் ஓடிவிடும். ஒரே ஊரில் தங்குங்கள். என்னைக் கேட்டால் லாட்டர்புருன்னன். இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை, அதில் 297 மீட்டர் உயரத்திலிருந்து ஸ்டாப்பாக் அருவி ஊரை ஒட்டியே விழுகிறது. சூரிச் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம், அங்கிருந்து பெர்ன், இன்டர்லாக்கன் வழியாக மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

செப்டம்பரில் போங்கள். தோப்பு வேலை ஓய்ந்திருக்கும். மே மாதம் என்றால் உயரமான நடைபாதைகளில் பனி கிடக்கும், சில கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருப்பார்கள். அப்புறம், கோடை முழுக்க மலையில் மேய்ந்த மாடுகளைப் பூ சூட்டி, கழுத்தில் குடம் பெரிசு மணி கட்டிக் கீழே ஓட்டி வருவதும் செப்டம்பரில்தான். மாட்டுப் பொங்கல் வைக்கிற வீட்டுக்காரர் நீங்கள், அதைத் தவறவிடாதீர்கள். ஊருக்கு ஊர் தேதி மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

தேவை ஷெங்கன் விசா, அதாவது சுவிட்சர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. விண்ணப்ப மையம் சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கிறது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அதனால் காய் பறிப்பு தொடங்கும் முன்பே காகிதங்களைச் சேர்த்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மகளுக்கு 45. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்று கணக்கு தாக்கல் செய்யாமல் இருந்தால், பட்டா, சிட்டா, மாங்காய் விற்ற பணம் வந்து போன வங்கிக் கணக்கு, இவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு வையுங்கள். கடைசி வாரத்தில் கடன் வாங்கிக் கணக்கை நிரப்புவது மட்டும் வேண்டாம், பார்த்தவுடன் சந்தேகம் வரும்.

அம்மா விஷயம்தான் முக்கியம். எல்லோரும் போகிற யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர், நம் தொட்டபெட்டாவை விட 800 மீட்டருக்கு மேல் உயரம், காற்று மெலிந்திருக்கும். டாக்டர் சரி என்று சொன்னால் போகட்டும். இல்லையென்றால் அதற்குப் போகும் வழியில் வரும் கிளைன ஷைடெக் நிலையம் போதும். 2,061 மீட்டர்தான், ஊட்டியை விடத் தாழ்வு, ரயிலில் உட்கார்ந்தே போய் ஐகர், மோன்க், யுங்ஃபிராவ் மூன்று சிகரங்களையும் நேருக்கு நேர் பார்க்கலாம்.

மலை டிக்கெட்டை முன்கூட்டி எடுக்காதீர்கள். காலையில் எழுந்ததும் உச்சியில் வைத்திருக்கும் கேமராவின் படத்தை போனில் பாருங்கள், வெறும் வெள்ளையாகத் தெரிந்தால் அன்று மேலே போவது பணத்துக்குக் கேடு. அந்த நாளில் மலைக்குள்ளேயே இரைந்து கொட்டும் ட்ரும்மல்பாக் அருவிக்கோ பிரியன்ஸ் ஏரிப் படகுக்கோ போங்கள். ஏரிப் படகு, ரயில், பஸ் எல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கான சுவிஸ் டிராவல் பாஸ் என்ற ஒரே டிக்கெட்டில் அடங்கும். பெற்றோர் பாஸ் எடுத்தால், அங்கே தரும் ‘சுவிஸ் ஃபேமிலி கார்டு’ மூலம் மகளுக்கு இலவசம். ஆனால் யுங்ஃபிராவ்யோக் போக, வழியில் வரும் வெங்கன் ஊர் வரைதான் பாஸ், அதற்கு மேல் தள்ளுபடி மட்டுமே.

கேள்வி: சுவிட்சர்லாந்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறோம். ராகி மாவு, மாம்பழம், நெய் கொண்டுபோகலாமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: மாவை எடுத்துப் போங்கள், தம்பிக்குக் களி கிண்டிக் கொடுங்கள். நெய், பால்கோவா கூடாது. இந்தியாவிலிருந்து பால் பொருள் கொண்டுபோகத் தடை. மாம்பழத்துக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், ஒரு கூடைக்காக அந்த அலைச்சல் வேண்டாம். கிருஷ்ணகிரி மாங்கூழ் டின் இரண்டை, கைப்பையில் இல்லாமல் பெரிய பெட்டியில் வையுங்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, மெல்லிய இரண்டு முள் சார்ஜர் நுழையும்.